குப்பூஸும் மால்டாவும்

மத்தியதரைக் கடலில் இருக்கும் மால்டா தீவின் திருப்பலிக் (கத்தோலிக்க வழிபாடு) காணொளி ஒன்றை நேற்றிரவு பார்த்துக்கொண்டிருந்தேன். இயேசு கற்பித்த செபத்தில் ‘எங்கள் அனுதின உணவை’ என்று வரும் இடத்தில் அவர்கள் ‘ஹொப்ஸ்னா தா குல்யூம்’ என்றார்கள். நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். ஹொப்ஸ் என்றால் ரொட்டி. வளைகுடாவில் நான் ஆறு வருடம் தின்று சலித்த அதே அரபு குப்பூஸ்!

கி.பி. 870இல் அரபுப் படை தீவைப் பிடித்தது. 1091இல் சிசிலியிலிருந்து நார்மன்கள் வந்தார்கள். ஆட்சி போனது, மதம் மாறியது, அரபுப் பேச்சு மட்டும் போகவில்லை; அதிலிருந்து வந்ததுதான் இன்றைய மால்டிய மொழி. கத்தோலிக்கர்களான இவர்களுக்கு இன்றும் கடவுள் ‘அல்லா’தான், ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் ‘ரண்டான்’. ரமலானேதான், வேறென்ன! ஆனால் நன்றி சொல்வது மட்டும் ‘கிராத்சி’, அப்படியே இத்தாலியம். எழுத்தோ இலத்தீன்.

பிறகு தீவை ஆண்டவர்கள் மாவீரர் சபை என்ற கத்தோலிக்கப் போர்த்துறவிகள், நெப்போலியன், 1964 வரை பிரிட்டிஷ்காரர்கள். மால்டிய மொழிக்கு அரசு அந்தஸ்து 1934இல்தான் கிடைத்தது. அதுவரை ‘சமையலறை மொழி’ என்ற ஏளனம். இன்று ஐரோப்பிய ஒன்றியத்தின் ஒரே செமிட்டிக் (அரபு, எபிரேயம் சேர்ந்த மொழிக்குடும்பம்) ஆட்சிமொழி அதுதான்.

அங்கே கண்ணாடி கிளாஸில் பால் டீ குடிக்கிறார்களாம். டிக்கெட் விலை பார்த்துக்கொண்டிருக்கிறேன்.