4.19 கெர்னலில் இன்றைய சோதனைகளை ஓட்டிய கதை

தோல் தொழிற்சாலைகளின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்களில் மீட்டர் அளவுகளை வாங்கி அனுப்பும் சின்ன லினக்ஸ் பெட்டிகளைப் பராமரிப்பது எங்கள் வேலை. அலுவலகம் காட்பாடியில். பெட்டிகள் ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என்று பரவிக் கிடக்கின்றன. புதியவற்றில் லினக்ஸின் மையமான கெர்னல் 6.1 பதிப்பு, நடுவில் போனவற்றில் 5.10, முதலில் போனவற்றில் 4.19. சிப் தயாரித்தவர்கள் 4.19-உடன் நிறுத்திவிட்டார்கள். அந்த வரிசைக்கான அதிகாரபூர்வ ஆதரவும் 2024 டிசம்பரில் முடிந்துவிட்டதால், பாதுகாப்புத் திருத்தங்களை இனி நாங்கள்தான் எடுத்து ஒட்ட வேண்டும். பெட்டியையே மாற்றலாம் என்றால், நிலையத்தைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் "ஓடுற பெட்டி தம்பி, கை வைக்காதீங்க" என்கிறார். அளவு போகாமல் நின்றால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்; அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

ஒட்டிய திருத்தம் எதையும் உடைக்கவில்லை என்று தெரிய சோதனை வேண்டும். 4.19-உடன் வந்த கேசெல்ஃப்டெஸ்டை, அதாவது கெர்னலோடு சேர்ந்தே வரும் சோதனைத் தொகுப்பை, ஓட்டினால் போதாதா? போதாது. பழைய பிழை ஒன்றுக்கான சோதனை பல வருடம் கழித்துத்தான் எழுதப்படும். அது புதிய தொகுப்பில்தான் இருக்கும். புதிய சோதனைகளைப் பழைய நிலையான கெர்னல்களில் ஓட்டுங்கள் என்று கெர்னல் ஆவணமே சொல்கிறது.

முதல் தடங்கல் கெர்னலில் இல்லை, நிரல்கள் சார்ந்திருக்கும் சி நூலகமான ஜிலிப்சியில். புதிய கணினியில் கம்பைல் செய்த நிரல் பெட்டியில் துவங்கவே இல்லை: ஜிலிப்சி 2.34 இல்லை என்று சொல்லி நின்றுவிட்டது. நூலகத்தையும் நிரலுக்குள்ளேயே சேர்த்து ஸ்டேட்டிக்காக இணைத்ததும் சரியானது. சில ஸ்கிரிப்ட்கள் பாஷ் என்ற ஷெல்லைக் கேட்டன, பெட்டியில் இருப்பது சின்னப் பெட்டிகளுக்கான பிஸிபாக்ஸின் எளிய ஷெல். ஒரு சோதனைக்கு இயல்பாகக் கொடுக்கப்படும் 45 விநாடியும் எங்கள் மெதுவான பிராசஸருக்குப் பற்றவில்லை. செட்டிங்ஸ் கோப்பில் கூட்டிக்கொண்டோம்.

அப்புறம்தான் உண்மையான வேலை. க்ளோஸ்-ரேஞ்ச் என்பது, முதல் எண்ணிலிருந்து கடைசி எண் வரை திறந்திருக்கும் கோப்பு எண்களை ஒரேயடியாக மூடும் சிஸ்டம் கால் (நிரல் கெர்னலிடம் வைக்கும் கோரிக்கை). அது 5.9-இல் வந்தது, அதன் எண் 436. 4.19-இல் கூப்பிட்டால் ஈநோசிஸ் பிழை, அதாவது 'அப்படி ஒரு கால் இல்லை', வரும். அந்தப் பிழை வந்தால் 'ஸ்கிப்', அதாவது சோதனையைத் தாண்டிவிட்டதாகச் சொல்லும் வெளியேறும் குறியீடு 4. மார்க் பட்டியலில் ஆப்சென்ட் ஆனவனுக்கு ஃபெயில் போடக் கூடாது. அதே மாதிரி, எழுதித் தோற்றவனுக்கு ஆப்சென்ட் போடவும் கூடாது. இந்த இரண்டாவதுதான் ஆபத்தானது.

எடுத்துக்காட்டாக, அதே காலோடு கூடுதலாகக் கொடுக்கும் க்ளோஎக்ஸெக் கொடி (உடனே மூடாமல், வேறு நிரலுக்கு மாறும்போது மூடச் சொல்வது) 5.11-இல்தான் வந்தது. 5.10-இல் அந்தக் கொடியோடு கூப்பிட்டால் ஈஇன்வால், அதாவது 'கொடுத்த மதிப்பு தவறு' என்ற பிழை, வரும். ஆனால் முதல் எண் கடைசி எண்ணைவிடப் பெரிதாக இருந்தாலும் அதே ஈஇன்வால்தான். ஈஇன்வால் வந்தாலே ஸ்கிப் என்று எழுதிவிட்டால், நாளைக்கு யாரோ எல்லைச் சரிபார்ப்பைக் கெடுத்தாலும் சோதனை அமைதியாகத் தாண்டிப் போய்விடும். எனவே ஒன்றும் திறந்திராத ஓர் எண்ணைக் கொடுத்து, முதலில் கொடி இல்லாமல் கூப்பிட்டுப் பார்க்கிறோம். அது நடந்து, கொடியோடு கூப்பிடும்போது மட்டும் ஈஇன்வால் வந்தால் ஸ்கிப். இந்த விசாரணை சோதனையின் தொடக்கத்தில் மட்டும்தான். அதன் பிறகு வரும் ஒவ்வொரு ஈஇன்வாலும் ஃபெயில்தான்.

பதிப்பு எண்ணைப் பார்த்து முடிவு செய்தால் சுலபம் என்று குழுவில் ஒருவர் சொன்னார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. நிறுவனங்களுக்கான விநியோகங்கள் பழைய எண்ணை வைத்துக்கொண்டே புதிய வசதிகளைப் பின்னுக்குக் கொண்டுவருகின்றன; ரெட் ஹாட் 8-இன் கெர்னல் எண் 4.18 என்பதால் அதில் இருப்பதெல்லாம் 4.18 காலத்துச் சரக்கு அல்ல. எங்கள் 4.19-இலேயே நாங்கள் ஒட்டியவை இருக்கின்றன. எல்டிபி என்ற இன்னொரு லினக்ஸ் சோதனைத் தொகுப்பில் குறைந்தபட்சப் பதிப்பைக் குறிப்பிட வசதி உண்டு. வேறு வழியே இல்லாத இடத்தில் மட்டும் அதைத் தொடுகிறோம். இருக்கிறதா இல்லையா என்பதை ஓடும் கெர்னலிடமே கேட்க வேண்டும்.

கேட்கும் இடமும் முக்கியம். நிரல்களைத் தனியே அடைத்து ஓட்டும் பழைய டாக்கர் கன்டெய்னருக்குள் ஓட்டினால், தெரியாத காலுக்கு அதன் செக்காம்ப் வடிகட்டி (எந்தக் கால்களை விடலாம் என்று பார்ப்பது) ஈநோசிஸுக்குப் பதில் ஈபெர்ம், அதாவது 'அனுமதி இல்லை', கொடுத்துவிடும். ஈபெர்மையும் ஸ்கிப்பில் சேர்க்கச் சொல்லி யோசனை வந்தது. அனுமதிச் சோதனைகளுக்கு ஈபெர்ம்தான் விடையே. அதைத் தொடவே கூடாது என்று சொல்லி, கெர்னல் சோதனைகளைக் கன்டெய்னரிலிருந்து வெளியே எடுத்து நேராகப் பெட்டியிலேயே ஓட்டுகிறோம்.

பழைய கெர்னலில் நிஜமாகவே திருத்தம் விட்டுப்போயிருந்தால் ஃபெயில் ஃபெயிலாகவே நிற்கட்டும். எல்டிபி இதை அழகாகச் செய்கிறது: எந்த கமிட் (கெர்னலில் பதிவான மாற்றம்) விட்டுப்போயிருக்கலாம் என்று தோல்வியோடு சேர்த்தே அச்சிடுகிறது. 4.19-க்கு அடுத்து எதை ஒட்ட வேண்டும் என்ற பட்டியல் பாதிக்கு மேல் எங்களுக்கு அங்கிருந்துதான் கிடைத்தது.

இப்போது ஒவ்வொரு கெர்னலுக்கும் எந்தெந்தச் சோதனை ஸ்கிப் ஆகலாம் என்று தனிக் கோப்பு வைத்திருக்கிறோம். 4.19-இன் கோப்பு நீளம், 5.10-இன் கோப்பு சிறியது, 6.1-இல் க்ளோஸ்-ரேஞ்ச் ஸ்கிப் ஆக இடமே இல்லை. கோப்பில் இல்லாத ஒரு ஸ்கிப் வந்தால் அதை ஃபெயிலாகவே எண்ணி, அந்தப் பில்டைப் பெட்டிக்கு அனுப்புவதில்லை.