ஒன்பதாவது கேள்வியில் நின்ற ஆய்வு

சமூக ஊடகம் இளையர்களின் மனநிலையை என்ன செய்கிறது என்று ஆராயப் போகிறேன் என்றதும், பலர் முடிவையே சொல்லிவிட்டார்கள். "கெடுக்குது, வேற என்ன?" என்றார் வேலையிடத்து அண்ணன் ஒருவர், டிக்டாக்கிலிருந்து தலையைத் தூக்காமல்.

சிங்கப்பூரில் என் முதுநிலைப் படிப்புக்கான ஆய்வு அது. பல்கலைக்கழக நெறிமுறைக் குழு அனுமதிக்காமல் ஒருவரிடமும் ஒரு கேள்விகூடக் கேட்க முடியாது. படிவம் நிரப்பி அலுத்துக்கொள்பவர்களுக்கு ஃபேஸ்புக் கதையைச் சொல்வார்கள். 2012 ஜனவரியில் அந்நிறுவனம் 689,003 பயனர்களின் பக்கத்தில் மகிழ்ச்சியான அல்லது சோகமான பதிவுகளைக் குறைத்துக் காட்டி, அவர்கள் எழுதுவது மாறுகிறதா என்று பார்த்தது. யாரிடமும் தனியாகச் சம்மதம் கேட்கவில்லை. 2014இல் கட்டுரை வெளியானதும் பெரிய சர்ச்சை.

என் விண்ணப்பம் திரும்பி வந்தது. மனச்சோர்வை அளக்க பிஹெச்க்யூ-9 என்ற அளவுகோலை வைத்திருந்தேன். கடந்த இரண்டு வாரங்களைப் பற்றி ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். ஒன்பதாவது, உயிரை விடும் எண்ணம் பற்றியது. குழு கேட்டது இதுதான்: இரவு இரண்டு மணிக்கு ஒருவர் அதற்கு 3 போட்டால் நீங்கள் எப்போது பார்ப்பீர்கள், என்ன செய்வீர்கள்? பெயரே கேட்காத கருத்தாய்வில் யாரைத் தேடிப் போவது? மேற்பார்வையாளரிடம் பேசிவிட்டு, அந்தக் கேள்வி இல்லாத பிஹெச்க்யூ-8க்கு மாறினேன். அதுவும் பலர் பயன்படுத்தும் அளவுகோல்தான். கடைசிப் பக்கத்தில், தற்கொலை எண்ணம் வருபவர்களுக்குக் கைகொடுக்கும் எஸ்ஓஎஸ் அமைப்பின் 1767 உதவி எண்ணைப் பெரிதாகப் போட்டேன்.

அப்புறம் பெற்றோர் கையொப்பம். 21 வயது நிறையாதவர்களுக்கு அது கட்டாயம் என்றார்கள். பதினெட்டில் தேசிய சேவைக்குப் போய்த் துப்பாக்கி பிடிக்கலாம், என் கேள்விகளுக்குப் பதில் சொல்ல அம்மா கையெழுத்து வேண்டும்! சரி, விதி விதிதான். ஆனால் இரவெல்லாம் ஃபோனோடு கிடப்பதை வீட்டில் மறைக்கும் பிள்ளைகள், அதாவது ஆய்வுக்கு மிகவும் வேண்டியவர்கள், படிவத்தைப் பார்த்ததும் கழன்றுகொண்டார்கள். "ஏம்மா, இது ஸ்கூலுக்குப் போகுமா?" என்று உட்லண்ட்ஸில் ஓர் அம்மா கேட்டார். போகாது என்று விளக்கிய பிறகுதான் பேனாவைக் கையில் வாங்கினார்.

நேரத்தை அளப்பதுதான் பெரிய தலைவலி. ஒருவர் சொல்லும் நேரமும் ஃபோன் பதிவுசெய்யும் நேரமும் அவ்வளவாக ஒத்துப்போவதில்லை என்று 2021இல் 'நேச்சர் ஹியூமன் பிஹேவியர்' இதழில் வந்த ஆய்வு காட்டியிருந்தது. அதனால் ஸ்கிரீன்ஷாட்டும் கேட்டேன். யீஷூன் காப்பிக்கடையில் எதிரே உட்கார்ந்திருந்த பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவி, "ரெண்டு மணி நேரம் இருக்கும்க்கா" என்றாள். ஃபோன் ஆறரை மணி காட்டியது. அவளே சிரித்துவிட்டு விரலால் ஒரு வரியைத் தொட்டுக் காட்டினாள். அதில் பாதிக்கு மேல் யூடியூப். வீட்டுப்பாடம் எழுதும்போது திரையை அணைக்காமல் பாட்டு ஓடவிடுவாளாம். ஆக, அவள் சொன்னதும் தப்பு, ஃபோன் சொன்னதையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

இதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளக் காரணம் உண்டு. 2019இல் ஆய்வாளர்கள் ஏமி ஓர்பனும் ஆண்ட்ரூ பிரிஸ்பில்ஸ்கியும் மூன்றரை லட்சத்துக்கும் அதிகமான பதின்ம வயதினரின் தரவுகளை ஆராய்ந்தார்கள். அவர்களின் மனநலனில் காணும் வேறுபாட்டில் மின்னணுத் தொழில்நுட்பப் பயன்பாடு விளக்குவது அதிகபட்சம் 0.4 விழுக்காடு என்றார்கள். உருளைக்கிழங்கு சாப்பிடுவதற்கும் மனநலனுக்கும் உள்ள தொடர்பு கிட்டத்தட்ட அதே அளவு! இவ்வளவு சின்ன விளைவைத் தேடும்போது, பாட்டு கேட்டதையும் அடுத்தவர் படங்களைப் பார்த்துப் பொருமியதையும் ஒரே கூட்டலில் போட்டால் ஒன்றும் தேறாது.

அவர்கள் சொன்ன நேரம், ஃபோன் காட்டிய நேரம் இரண்டையும் தனித்தனிப் பத்தியில் வைத்துக்கொண்டு, "அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?" என்ற கேள்வியைச் சேர்த்தேன். அதற்கும் குழுவிடம் திருத்த அனுமதி வாங்க வேண்டியிருந்தது. நல்லவேளை, அது மட்டும் சீக்கிரம் வந்துவிட்டது.