72 பெர்த்துக்கும் நீலம்

ஒருவழியாக என் மாதிரி ரயிலின் ஸ்லீப்பர் பெட்டியின் உள்பக்கத்துக்குப் பெயின்ட் அடித்து முடித்தேன். 1:87 அளவில் (அசலில் 87-ல் ஒரு பங்கு) பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலையின் ரயில் பெட்டி, நீளம் சுமார் 25 செ.மீ. ஆனால் பெர்த் 72-ம் உண்டு!

முதலில் அசல் பெர்த்தின் ரெக்சின் உறையில் இருக்கும் நீலத்தையே அடித்தேன். கூரையை மூடியதும் ஜன்னல் வழியே எல்லாம் கறுப்பாகத் தெரிந்தது. அப்புறம் வெள்ளை கலந்து, வெளிறிய நீலமாக மறுபடி அடித்தேன். பளபளப்பில்லாத அக்ரிலிக்தான் இதற்குச் சரி. கூரையின் உட்புறம் முதலில் கறுப்பு, அதன்மேல் வெள்ளை. இல்லாவிட்டால் எல்.இ.டி. வெளிச்சம் பிளாஸ்டிக்கைத் தாண்டிக் கசியும்.

சைடு லோயரில் ஒரு பாட்டி பொம்மையை உட்கார வைத்திருக்கிறேன், அரக்கு நிறச் சேலையில். சின்ன வயதில் ஊருக்குப் போகும்போதெல்லாம் அந்த ஜன்னலோரத்துக்குத்தான் வீட்டில் சண்டை.