லொரேட்டோ: தச்சர் வீடும் விமானிகளின் அன்னையும்

இத்தாலியின் அங்கோனா நகரிலிருந்து தெற்கே சிறிது தூரம் ரயிலில் போனால் லொரேட்டோ வந்துவிடும். ஒரு புறம் அட்ரியாட்டிக் கடல்; மறுபுறம் குன்று, அதன் உச்சியில் பசிலிக்காவின் குவிமாடம். கால் வலுவுள்ளவர்கள் படிக்கட்டு வழியாக ஏறுகிறார்கள். நான் பஸ்ஸில் போனேன். யாத்திரைக்கு அது ஒரு குறை என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும்.

எனக்கு மரவேலை கற்றுத்தந்த பெரியவர் 91 வயதில் இறைவனடி சேர்ந்தார். தெற்கு ஜெர்மனியில் தச்சுப் பட்டறை வைத்திருந்தவர். கோடைக்கால ஞாயிறுகளில், காலைத் திருப்பலி முடிந்ததும், காற்றில் மிதந்து பறக்கும் கிளைடர் விமானம் ஓட்டப் போய்விடுவார். அவருக்காக ஒரு பூசை ஒப்புக்கொடுக்க வேண்டும் என்று தோன்றியபோது வேறு எந்தத் தலமும் என் மனத்தில் வரவில்லை. நாசரேத்தில் தச்சரான சூசையப்பரின் குடும்பம் வாழ்ந்த வீடு என்று லொரேட்டோவில் ஒரு வீட்டை வணங்குகிறார்கள். அந்த வீட்டை வானதூதர்கள் ஆகாய வழியாகத் தூக்கிவந்து 1294 டிசம்பர் 10 அன்று இங்கே வைத்தார்கள் என்பது மரபு. அதனால்தான் 1920இல் திருத்தந்தை பதினைந்தாம் பெனடிக்ட் லொரேட்டோ அன்னையை விமானிகளின் பாதுகாவலியாக அறிவித்தார்.

வீடு பசிலிக்காவுக்குள், குவிமாடத்துக்கு நேர் கீழே இருக்கிறது. முதலில் கண்ணில் படுவது வீடு அல்ல, அதன் பளிங்கு உறை. பிரமாந்தே திட்டமிட்டு, சன்சொவினோவும் மற்றவர்களும் செதுக்கியது. அதைச் சுற்றியுள்ள பளிங்குப் படிகளில் இரண்டு பள்ளங்கள் ஓடுகின்றன. நூற்றாண்டுக் கணக்கில் யாத்திரிகர்கள் முழந்தாளில் சுற்றிவந்து தேய்த்த தடம். உளியால் வெட்டியிருந்தால் இவ்வளவு வழவழப்பு வராது. சிற்பங்களைவிட அந்தப் பள்ளங்களின் முன்புதான் நான் நெடுநேரம் நின்றேன்.

உள்ளே நுழைந்தால் சிறிய அறை. நீளம் ஏறத்தாழ ஒன்பதரை மீட்டர், அகலம் நான்கு. பழைய சுவர்கள் மூன்றுதான். நான்காவது பக்கத்தில் நாசரேத்துக் குகை இருந்ததாம். கீழ்ப்பகுதி கல், மேலே பிற்காலத்துச் செங்கல். அஸ்திவாரம் கிடையாது. ஆஞ்சலி (இத்தாலிய மொழியில் ‘வானதூதர்கள்’) என்ற குடும்பத்தார் கற்களைக் கப்பலில் கொண்டுவந்தார்கள், அந்தப் பெயர்தான் வானதூதர் கதையாயிற்று என்று ஆராய்ச்சியாளர் சிலர் சொல்கிறார்கள். அது உண்மையாயிருந்தாலும் என் பக்திக்குப் பங்கமில்லை. பெரியவர் இதைக் கேட்டிருந்தால், “கற்களைப் பிரிக்கும்போது வரிசை எண் போட்டார்களா?” என்றுதான் கேட்டிருப்பார்.

அவருடைய பக்தி அப்படிப்பட்டது. 1950களில் வந்த கா-6 என்ற மரக் கிளைடரைப் பழுதுபார்ப்பதில் அவர் கைகாரர். பதினைந்து மீட்டர் இறக்கை. மெல்லிய ஒட்டுப்பலகைத் தோல். அதில் கிழிசல் விழுந்தால் மேலே ஒரு துண்டை வைத்து ஒட்டிவிட முடியாது. இரண்டு விளிம்புகளையும் சரிவாக இழைக்க வேண்டும்; தடிமன் ஒரு பங்கு என்றால் சரிவின் நீளம் பன்னிரண்டு பங்கு. ஒட்டியபின் விரலால் தடவினால் இணைப்பு தெரியக் கூடாது. தெரிந்தால் சீவி எறிந்துவிட்டு, “மறுபடியும் செய், தம்பி” என்கிற பாவனையில் இழைப்புளியை என் பக்கம் நகர்த்துவார். திட்டியதே இல்லை. பழுதுபார்த்த கிளைடரில் முதலில் ஏறுபவர் அவரேதான். கிளைடரை வானில் ஏற்றும் வின்ச் கயிறு இழுக்குமுன் சிலுவை அடையாளம் போடுவார். அதற்குமுன் இறக்கை ஆணிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்திருப்பார். ஒன்று மற்றொன்றுக்கு ஈடு என்று அவர் ஒருநாளும் நினைத்ததில்லை.

பீடத்துக்கு மேலே கறுத்த அன்னை. பழைய சுரூபம் 1921இல் தீயில் எரிந்துபோனது. இப்போதுள்ளதை வத்திக்கான் தோட்டத்தில் வளர்ந்த லெபனோன் கேதுரு மரத்தில் செதுக்கினார்கள். ஆனால் கழுத்திலிருந்து பாதம்வரை அலங்கார அங்கி மூடியிருப்பதால் மரத்தின் ரேகையைப் பார்க்க வழியில்லை. எனக்கு அதில் சிறிது வருத்தம்தான்.

செபமாலை முடிந்ததும் மன்றாட்டுமாலை தொடங்கியது. நாம் வீடுகளில் சொல்லும் அதே மன்றாட்டுமாலைதான். இந்தத் தலத்தின் பெயரால்தான் உலகமெங்கும் அறியப்படுகிறது. அவர்கள் இத்தாலிய மொழியில் சொல்ல, நான் தமிழில் முணுமுணுத்தேன். “பரலோகத்தினுடைய வாசலே, விடியற்காலத்தின் நட்சத்திரமே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.” சுவர்மீது கை வைத்துக்கொண்டேன். பலர் தொட்டுத் தொட்டுக் கல் பளபளத்திருந்தது. விரல் தானாகவே இணைப்பைத் தேடியது.

பூசைக் கருத்து எழுதும் இடத்தில் பெயரைக் கேட்டார்கள். எழுதினேன். அடைப்புக்குறிக்குள் ‘தச்சர், விமானி’ என்றும் சேர்த்தேன். எழுதிக்கொண்டவர் விமானி என்பதைக் கண்டதும் எந்த விமான நிறுவனம் என்று விசாரித்தார். நிறுவனம் எதுவுமில்லை, இஞ்சினும் இல்லை என்றேன்.