ஒரு தலையசைப்பு

பயிற்சி வகுப்பில் அந்தக் கேள்வியைக் கேட்டவள், எங்கள் விற்பனைக் குழுவில் இருந்த அவள்தான். ஆனால் பயிற்றுநரின் பதிலை மற்றவர்களைப் போல் அவள் குறிப்பேட்டில் எழுதவில்லை. திரும்பி என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். இரண்டு ஆண்டுகள் ஆகப்போகின்றன. அந்தத் தலையசைப்பு இன்னும் என் மனத்தை விட்டு அகலவில்லை.

விற்பனைப் பயிற்சிக்கு நல்ல நிறுவனமாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்திருந்தது. நாங்கள் விற்பது மலேசியாவின் செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனைத் தோட்டங்களுக்கான கைப்பேசிச் செயலி. வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோர் காட்டிலேயே செம்பனைக் குலைகளை எண்ணிப் பதிவு செய்வார்; கைப்பேசி லைன் கிடைக்காத இடத்திலும் கணக்கு கைப்பேசியில் தங்கியிருந்து, ஆபீசுக்கு வந்ததும் கணினிக்குப் போய்விடும். மாலை முழுவதும் செக்ரோல் என்னும் வேலைப் பதிவேட்டை எழுதும் வேலை மிச்சம். 2020-இல் நீடித்த செம்பனை உற்பத்திக்கான எம்.எஸ்.பி.ஓ. சான்றிதழ் கட்டாயமான பிறகு, தணிக்கைக்குக் காட்டப் பதிவுகள் ஒழுங்காக இருக்க வேண்டுமே என்ற கவலை தோட்டங்களுக்கும் உண்டு. பொருளில் குறையில்லை, நம் பிள்ளைகளுக்கு விற்கத்தான் தெரியவில்லை என்று முதலாளி நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

கடைசியில் இரண்டு பேர் தேறினார்கள். ஒன்று, கோலாலம்பூர் நிறுவனம். கேட்ட அன்றே விலையும் தேதியும் அனுப்பிவிட்டார்கள். மற்றவர் ஈப்போவில் தனியாகப் பயிற்சி நடத்தும் ஓர் அம்மா. "கைநழுவிப்போன விற்பனைகளை எழுதி வைத்திருக்கிறீர்களா?" என்பதுதான் அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி. முடிந்த விற்பனைகளின் கணக்குதான் எங்களிடம் இருந்தது. "அப்படியானால் இரண்டு நாள் உங்கள் பிள்ளைகளோடு தோட்டங்களுக்கு வருகிறேன். பார்த்துவிட்டு விலை சொல்கிறேன்" என்றார். எனக்கு அது பிடிக்கவில்லை. தொழில் தெரிந்தவர் விலை சொல்ல ஏன் தயங்க வேண்டும் என்று தோன்றியது.

அதோடு, அவர் எச்.ஆர்.டி. கார்ப் என்னும் அரசு மனிதவள மேம்பாட்டு அமைப்பில் பதிவு பெற்றவர் அல்லர். மாதாமாதம் சம்பளத்தில் 1 விழுக்காட்டை நாங்கள் அங்கே கட்டுகிறோம். அந்தப் பணத்தைப் பயிற்சிக்குப் பயன்படுத்த, நடத்துபவர் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும். பயிற்சி தொடங்கும் முன்பே விண்ணப்பித்து ஒப்புதலும் வாங்க வேண்டும். ஈப்போ அம்மா என்றால் கைக்காசு. சிறிய நிறுவனத்தில் அது சாதாரண விஷயமில்லை. இதை நான் சாக்காகச் சொல்லவில்லை. அன்று என் முன்னால் இருந்த கணக்கு அதுதான்.

கோலாலம்பூர்காரர் முடிவுக்கு முன் எங்கள் மாடியறையில் இரண்டு மணி நேரம் மாதிரி வகுப்பு எடுத்தார். நன்றாகவே எடுத்தார். அப்போதுதான் அவள், தோட்ட ஆபீசின் தலைமை எழுத்தரான பெரிய கிராணியைப் பற்றிக் கேட்டாள்: "பெரிய கிராணி ஒவ்வொரு முறையும் 'மேனேஜரிடம் கேட்டுச் சொல்கிறேன், அடுத்த மாதம் வா' என்றால் என்ன செய்வது?"

"கையெழுத்துப் போட முடியாதவரிடம் நேரத்தைச் செலவழிக்காதீர்கள். போடுகிறவர் யாரோ அவரிடம் நேராகப் போங்கள்."

இதில் தவறு என்ன? இன்றும் என்னால் தவறு என்று சொல்ல முடியவில்லை. அந்தத் தோட்டத்துக்கு அவள் ஏழு முறை போய்த் தேநீர் குடித்துவிட்டு வந்திருந்தாள். கார் எண்ணெய்ச் செலவு எங்களுடையது. ஆனால் அது அவள் பிறந்து வளர்ந்த தோட்டம் என்பது பயிற்றுநருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். பள்ளியிறுதி எஸ்.பி.எம். தேர்வுக் காலத்தில் இரவில் ஆபீஸ் அறையைத் திறந்துவிட்டு அவளைப் படிக்க வைத்தவர் அந்தப் பெரிய கிராணி. அவள் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவாள். அவள் கேட்ட கேள்வி விற்பனையைப் பற்றியதே அல்ல என்று இப்போது தோன்றுகிறது. அன்று அந்த அறையில் அதைப் புரிந்துகொண்டிருக்கக் கூடியவன் நான் ஒருவன்தான்.

அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் பிறந்த ஊர் எங்கள் சுங்கை சிப்புட். 1960-இல் தோட்டத் தொழிலாளர்களிடம் 10 வெள்ளி வீதம் திரட்டி நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அவர் எழுப்பிய கதையைக் கேட்டு வளர்ந்தவன் நான். தோட்டத்தில் ஒரு காரியம் நடக்க யார் யாரிடம் முதலில் சொல்ல வேண்டும் என்பது எனக்குத் தெரியாததல்ல. தெரிந்துதான் தலையசைத்தேன்.

கோலாலம்பூர் நிறுவனத்தையே தேர்ந்தெடுத்தேன். பயிற்சி முடிந்த ஐந்தாவது வாரம் அவள் மேனேஜரை நேரில் பார்த்தாள். இரண்டே சந்திப்பில் கையெழுத்தாகிவிட்டது. பெரிய கிராணிக்கு விஷயம் காலைப் பிரட்டில், வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்தில் மண்டோர்களோடு நிற்கும்போது, மேனேஜர் வாயால்தான் தெரிந்ததாம்.

செயலியைப் பொருத்தப் போன அன்று நானும் உடன் போனேன். அவர் கோபப்படவில்லை. சாவியைக் கொடுத்தார், கணினியைக் காட்டினார், தேநீர் கொண்டுவரச் சொன்னார். எனக்கும் அவளுக்கும் சாசர் வைத்த பீங்கான் கோப்பையில் வந்தது. அவர் மட்டும் எவர்சில்வர் டம்ளரில் குடித்தார். அவள் கோப்பையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். காரில் ஏறிய பிறகுதான் சொன்னாள்: "எனக்கும் எப்போதும் டம்ளரில்தான் அண்ணே வரும்."

பயிற்சியை மதிப்பிட டொனால்டு கிர்க்பாட்ரிக் என்பவர் 1959-இல் நான்கு படிகளை வகுத்தார்: பிடித்ததா, கற்றார்களா, நடத்தை மாறியதா, பலன் வந்ததா. முதலாளிக்கு அறிக்கை எழுதியபோது நான்கையும் வைத்துப் பார்த்தேன். நான்கிலும் தேறியிருந்தது. ஒரு வரிகூட நான் பொய்யாக எழுதவில்லை. ஈப்போ அம்மா வந்திருந்தால் அந்த ஆபீசில் உட்கார்ந்து அந்த டம்ளரைப் பார்த்திருப்பார் என்று சில நாள் நினைக்கிறேன். பார்த்திருந்தால் மட்டும் விற்பனை ஆகியிருக்குமா என்று சில நாள் நினைக்கிறேன். அவருக்கு நான் முறையாக ஒரு பதில்கூட அனுப்பவில்லை என்பதும் உறுத்துகிறது.

அவள் இன்று எங்களிடம் அதிகம் விற்பவள். அந்தத் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு மட்டும் இரண்டு ஆண்டுகளாகப் போகவில்லை.

போன மாதம் குவாலா கங்சாரிலிருந்து திரும்பும்போது கேட்டேவிட்டேன்: "அன்று நான் தலையசைக்காமல் இருந்திருந்தால் மேனேஜரிடம் போயிருப்பாயா?"

"போயிருப்பேன் அண்ணே. மாமாவிடம் சொல்லிவிட்டுப் போயிருப்பேன்."

"சொல்லியிருந்தால் தடுத்திருப்பாரே."

"தடுத்திருப்பார்தான். தடுத்த பிறகு போயிருப்பேன்."