மேடு பள்ளமான கல் கணப்பில் மரப்பலகை பொருத்துவது

கணப்புக்கு (குளிர்காய நெருப்பு மூட்டும் சுவர் அடுப்பு) மேலே பலகை இடைவெளியில்லாமல் உட்கார, கல்லைச் செதுக்கிச் சமமாக்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள், எனக்கு அதில் உடன்பாடே இல்லை, அந்தக் கரடுமுரடுதான் கணப்புக்கு அழகு, வெட்ட வேண்டியது மரத்தைத்தான். பலகையை ரசமட்டம் வைத்துக் கல்லோடு ஒட்டிப் பிடித்து, காம்பஸின் ஒரு காலைக் கல்மேல் ஓட்டினால் மறுகாலில் இருக்கும் பென்சில் அதே நெளிவை மரத்தில் வரைந்துவிடும். காம்பஸைச் சாய்க்காதீர்கள். கோட்டுக்குச் சற்று வெளியே அறுத்து, மிச்சத்தை அரத்தால் ராவுங்கள். அப்புறம் கல்லில் துளையிட்டு, தூசியைச் சுத்தமாக எடுத்துவிட்டு, மரை போட்ட இரும்புக் கம்பிகளை எப்பாக்சிப் பசையில் பதித்து, இறுகியபின், பின்புறம் துளையிட்ட பலகையை அந்தக் கம்பிகளில் செருகலாம்.

இதற்கெல்லாம் முன்னால் உயரம்! நெருப்பு வாயிலிருந்து 6 அங்குலத்துக்குள் மரம் கூடவே கூடாது; 12 அங்குலம் வரை, ஒவ்வொரு அங்குலத் தூரத்துக்கும் 1/8 அங்குலம்தான் மரம் முன்னால் நீட்டலாம் என்று அமெரிக்கக் கட்டட விதிகளில் இருக்கிறது, ஆகவே அகலமான பலகை என்றால் 12-க்கு மேலேதான்.