ஓய்வுக்குப் பின் ஒரு தேர்வு: தமிழாசிரியர் வானொலி படித்த அனுபவம்

பணி ஓய்வு பெற்றவர்களுக்கு எல்லோரும் சொல்லும் அறிவுரை ஒன்று உண்டு: மூளைக்கு வேலை கொடுங்கள், சுடோகு போடுங்கள், குறுக்கெழுத்து நிரப்புங்கள். எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. வாழ்நாளெல்லாம் தமிழ் கற்பித்தவன் குறுக்கெழுத்து நிரப்பினால் அதில் புதிதாக என்ன இருக்கிறது? கை அதன் பாட்டுக்கு எழுதும், மனம் வேறெங்கோ உலவும். தெரியாத துறை ஒன்றுக்குள் நுழைந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தால்தான் மனம் விழித்துக்கொள்ளும். நான் நுழைந்தது ஹாம் ரேடியோ எனப்படும் அமெச்சூர் வானொலி: சொந்தமாக ஒலிபரப்புக் கருவி வைத்து, தொலைவில் உள்ளவர்களோடு அலைவழியே பேசும் பொழுதுபோக்கு. அதில் ஈடுபடுபவர்களை ஹாம்கள் என்பார்கள். மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை அதற்குத் தேர்வு நடத்தி உரிமம் தருகிறது. அந்தத் தேர்வுக்கு நான் படித்த விதம், இதே வயதில் வேறு ஏதேனும் படிக்க நினைப்பவர்களுக்கும் உதவக்கூடும்.

எதைப் படிப்பது என்பதுதான் முதல் சிக்கல். பயன் உண்டா, சான்றிதழுக்கு மதிப்பு உண்டா என்று பார்த்துத் தேர்ந்தெடுத்தால் பத்துப் பக்கத்துக்கு மேல் ஓடாது. பதவி உயர்வா வரப்போகிறது? நெடுங்காலமாக உள்ளே கிடக்கும் கேள்வி ஒன்றைத் தேடி எடுங்கள். என்னிடம் இருந்த கேள்வி சிறுவயதில் வந்தது. பகலில் எவ்வளவு திருகினாலும் கிடைக்காத தொலைதூர நிலையங்கள், இருட்டியதும் மத்திய அலையில் எங்கிருந்து வருகின்றன? இரவில் சந்தடி குறைவு, அதனால் கேட்கிறது என்று வீட்டில் சொன்னார்கள். அதை நான் நம்பவில்லை, மறுக்கவும் தெரியவில்லை.

விடை பாடத்திட்டத்துக்குள்ளேயே இருந்தது. தரையிலிருந்து ஏறத்தாழ 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில், வெயில் இருக்கும்வரை அயனி மண்டலத்தின், அதாவது வெயிலால் மின்னூட்டம் பெற்ற மேல்வளிமண்டலத்தின், ‘டி’ அடுக்கு இருக்கிறது. அது மத்திய அலையை உறிஞ்சிவிடுகிறது. சூரியன் மறைந்ததும் அந்த அடுக்கு கலைந்துபோகும். அலைகள் இன்னும் மேலே சென்று, அங்குள்ள அடுக்குகளால் வளைக்கப்பட்டுப் பல நூறு கிலோமீட்டர் தள்ளி இறங்குகின்றன. இது புரிந்த கையோடு அடுத்த கேள்வி வந்தது: அப்படியானால் எஃப்.எம். ஏன் இரவிலும் ஊரைத் தாண்டுவதில்லை? அதன் அதிர்வெண் அதிகம் என்பதால் வழக்கமாக மேல் அடுக்குகளையும் ஊடுருவி விண்வெளிக்குப் போய்விடுகிறது. இப்படி ஒரு கேள்வி அடுத்ததை இழுத்துவர, பாடத்திட்டத்தில் பாதி தானாகவே நடந்தது.

கேள்வி எழுந்த மனத்தில் பாடம் எளிதில் தங்கும் என்பது ஆசிரியர்களுக்குத் தெரிந்ததுதான். கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்து 2014-இல் வெளியிட்டார்கள். பொது அறிவுக் கேள்வி ஒன்றின் விடைக்காகக் காத்திருக்கும் இடைவெளியில், தொடர்பே இல்லாத ஒரு முகத்தின் படத்தைக் காட்டினார்கள். விடையை அறியும் ஆவல் மிகுந்திருந்தபோது பார்த்த முகங்கள் கூடுதலாக நினைவில் நின்றன. ஆவல் எழுந்த நேரத்தில் அருகில் இருப்பதும் சேர்ந்து உள்ளே போய்விடுகிறது. ஆகவே, சலிப்பூட்டும் பாடத்தை ஆர்வமான பாடத்துக்குப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். விதிமுறைகள், சுருக்கக் குறியீடுகள் எல்லாவற்றையும் நான் அப்படித்தான் ஒப்பேற்றினேன்.

கணக்குக்கு அஞ்சுபவர்களுக்கு ஒரு வழி: தாளில் போடும் கணக்கைத் தரையில் அளந்துவிடுங்கள். 7.1 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் என்ன? அலையின் வேகத்திலிருந்து வரும் 300-ஐ 7.1-ஆல் வகுத்தால் சுமார் 42 மீட்டர். அதில் பாதி 21. கம்பியில் அலை சற்றே மெதுவாக ஓடுவதாலும் முனைகளின் விளைவாலும் ஐந்து சதவீதம் அளவுக்குக் கழித்தால் 20 மீட்டர். அரையலை ஆண்டெனாவின் நீளம் அதுதான். மொட்டை மாடியில் சணல் கயிற்றை இழுத்து அளந்த பிறகு இந்தச் சூத்திரத்தை நான் மனப்பாடம் செய்யவே வேண்டியிருக்கவில்லை.

எனக்குப் பெரிய விருந்தாக அமைந்தது மோர்ஸ்: ஒவ்வோர் எழுத்தையும் புள்ளி எனும் குறுகிய ஒலியாலும் கோடு எனும் நீண்ட ஒலியாலும் அனுப்பும் தந்தி முறை. உரிமத்தில் இரண்டு நிலைகள்; நான் எழுதிய காலத்தில் ரெஸ்ட்ரிக்டட் கிரேடுக்கு அது தேவையில்லை, ஜெனரல் கிரேடுக்கு நிமிடத்துக்கு எட்டுச் சொல் வேகம் வேண்டும். ஒரு சொல்லுக்கு ஐந்து எழுத்து என்று கொண்டால், எழுத்துக்கு ஒன்றரை நொடி. அடுத்த தெருவில் ஏற்கெனவே உரிமம் பெற்ற பொறியியல் மாணவர் ஒருவர் இருந்தார். புள்ளியும் கோடும் போட்ட அட்டவணையோடு அவர் வீட்டுக்குப் போனேன். “ஐயா, அதை மடித்து வைத்துவிடுங்கள். எண்ணாதீர்கள், கேளுங்கள்” என்றார். “கேட்டால் எல்லாம் ஒன்றுபோல இருக்கிறதே, தம்பி” என்றேன். “இரண்டே எழுத்தை மட்டும் கேளுங்கள், ஐயா.”

அது ஜெர்மானிய உளவியலாளர் லுட்விக் கோக் 1930-களில் வகுத்த முறை. தொடக்கத்திலிருந்தே முழு வேகத்தில் இரண்டு எழுத்து. பத்தில் ஒன்பது சரியாக வந்தால் மூன்றாவது எழுத்து. மெதுவாகத் தொடங்கினால் புள்ளிகளை எண்ணும் பழக்கம் ஒட்டிக்கொண்டு, பிறகு வேகம் ஏறவே ஏறாது. இங்கே என் பழைய தொழிலும் கைகொடுத்தது. மோர்ஸில் புள்ளி ஓர் அலகு, கோடு மூன்று அலகு. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, அளபெடைக்கு மூன்று என்று வகுப்பில் கைநொடித்துக் காட்டியவனுக்கு, கோடு என்பது அளபெடையின் நீளம் என்று பிடிபட்டதும் காது திறந்துகொண்டது. புதிதாகக் கற்பவர்கள் தங்கள் பழைய அறிவைக் கழற்றி வைக்க வேண்டியதில்லை, அது எங்கே பொருந்துகிறது என்று பார்த்தால் போதும். மோர்ஸ் பயிற்சியை ஒரே மூச்சில் இரண்டு மணி நேரம் செய்யாதீர்கள். காலையில் கால் மணி நேரம், மாலையில் கால் மணி நேரம் போதும்.

உரிமம் இல்லாமலே கேட்டுப் பழக ஒரு வழி இருக்கிறது. நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகம் தன் வானொலிப் பெட்டியை இணையத்தில் திறந்து வைத்திருக்கிறது. அங்கே கேட்கும் ஐரோப்பிய ஹாம்களின் உரையாடல்களைக் கைப்பேசியிலேயே கேட்கலாம்.

வினா வங்கியை முதலில் கையில் எடுக்காதீர்கள். அது மதிப்பெண் தரும், ஆனால் ஆவலை அடக்கிவிடும். கடைசி இரண்டு வாரத்துக்கு அதை வைத்துக்கொள்ளலாம். தேர்வு அறையில் கல்லூரி மாணவர்களுக்கு நடுவே நான் உட்கார்ந்தபோது, “துணைக்கு வந்தவர்கள் வெளியே இருங்கள்” என்று பணியாளர் பணிவாகச் சொன்னார். நுழைவுச் சீட்டை எடுத்துக் காட்டினேன்.

இதனால் மறதி போய்விட்டதா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். மூக்குக் கண்ணாடியை இன்னமும் தேடத்தான் செய்கிறேன். ஆனால், அமெரிக்காவில் டெனிஸ் பார்க் என்ற உளவியலாளரின் குழு 60 முதல் 90 வயது வரையிலானவர்களைக் கொண்டு நடத்திய ஆய்வு ஒன்று உண்டு. மூன்று மாதம், வாரத்துக்குப் பதினைந்து மணி நேரம் போல, டிஜிட்டல் புகைப்படக் கலை முதலிய புதிய திறன்களைக் கற்றவர்களுக்கு நினைவாற்றல் கூடியிருந்தது. கூடிப் பேசி விளையாடிப் பொழுது போக்கியவர்களிடம் அந்த அளவு முன்னேற்றம் இல்லை. சுலபமானதைச் செய்து பயனில்லை என்பதற்கு எனக்கு அது போதும்.

உரிமம் வந்த பிறகும் கேள்விகள் ஓயவில்லை. பன்னாட்டு விண்வெளி நிலையம் 145.800 மெகாஹெர்ட்ஸில் பேசுகிறது. ஆனால் அது மிக வேகமாக ஓடுவதால், நம்மை நெருங்கும்போது மூன்றரை கிலோஹெர்ட்ஸ் அளவுக்கு மேலேயும், விலகும்போது அதே அளவு கீழேயும் வானொலியைத் திருப்ப வேண்டும். தலைக்கு மேலே வரும்போது இந்த மாற்றம் எவ்வளவு விரைவாக நிகழ்கிறது என்று கணக்கிடத் திரிகோணவியல் வேண்டும். அதற்காகப் பத்தாம் வகுப்புக் கணிதப் பாடநூலைத் திறந்திருக்கிறேன். தமிழ்நாடு அரசின் பாடநூல் தளத்தில் அது இலவசமாகக் கிடைக்கிறது.